ரம்பத்துக்குக் கட்டிய காப்பு

அக்குரஸ்ஸ
29 ஏப்ரல் 2002

மொறட்டுவைத் தச்சுப் பட்டறை முதலாளி கித்சிறி மென்டிஸ் அவர்களுக்கு,

மனைவி மல்காந்தி எழுதிக்கொள்வது. ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு இப்போது முத்திரை ஒட்டிப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் இனிமேல் தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இருப்பது ஒரே ஒரு தொலைபேசி. நீங்கள் அந்தப் பக்கம் போடுகிற சத்தம் கருவாடு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்கிறது. அதோடு உங்கள் குரல் கொஞ்சம் இறங்கினால் நான் இளகிவிடுவேன், அது எனக்கே தெரியும். அதனால் எழுதுங்கள். தாளில் கத்த முடியாது.

தம்பி துமிந்தவின் கைக்கட்டை நேற்றுப் பிரித்தார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மோதிர விரல் மடங்கவில்லை. போகப்போக மடங்கும் என்று டாக்டர் சொல்கிறார். துமிந்த கையைப் பார்த்தான், சட்டையை மேலே இழுத்து மூடிக்கொண்டான். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டி மூட்டு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறவன், இங்கே அக்கா வீட்டுக் கட்டிலைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு தொழில் பிடிக்கவும் பிடிக்காது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. "என்ன பண்றது அம்மா, பயலுக்கு வேலைல கவனம் பத்தல." கவனமா? வட்ட ரம்பத்தின் மூடி அன்றைக்கு எங்கே இருந்தது? விறகுக்குப் பின்னால். மூன்று வருடமாகப் பெருக்கும்போதெல்லாம் நான்தான் அதை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். பழைய இரும்பு என்று நினைத்தேன். அது ரம்பத்தின் மேல் இருக்க வேண்டிய மூடி என்று கடைசல்காரர் ஸ்டான்லி சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதுவும் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கட்டுநாயக்கத் தையல் தொழிற்சாலையில் இருந்தவள், கடைசி இரண்டு வருடம் பாதுகாப்புக் குழுவில். யாருடைய விரலிலாவது ஊசி ஏறினால் நாங்கள் உட்கார்ந்து கேட்பது இதுதான்: இன்னும் என்னென்ன நடக்கலாம், நடந்தால் எவ்வளவு போகும், நடக்காமல் இருக்க எதை மாற்றலாம். யாருக்குக் கவனம் பத்தவில்லை என்று கேட்க மாட்டோம். மனுஷனுக்கு எப்போதுமே கவனம் பத்தாது, அதை முதலிலேயே எடுத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பேசுவோம்.

உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம். பட்டறையை மாற்றுங்கள். துமிந்த பயமில்லாமல் உள்ளே கால் வைக்கிற நாளில் நானும் வருகிறேன். அதுவரை அவனும் இல்லை, நானும் இல்லை.

மல்காந்தி

*

மொறட்டுவை
9 மே

மல்காந்திக்கு,

உறையின் மேலேயும் "முதலாளி அவர்கள்" என்று எழுதியிருந்ததால் தபால்காரன் வரி ஆபீஸ் கடிதம் என்று நினைத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொடுத்தான். பரவாயில்லை. வீட்டுக்காரி எழுதினது என்று அவனிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து இங்கே சோறு இறங்கவில்லை. அம்மா சமைத்து அனுப்புகிறாள், ஒவ்வொரு தூக்குச்சட்டியோடும் ஒரு புத்திமதியும் வருகிறது. துமிந்த எனக்கும் தம்பிதான். அவன் கையைத் துணியில் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனது நான். அதை எங்கேயும் எழுதவில்லையே நீ.

சரி, சண்டை வேண்டாம். பட்டறையை மாற்று என்றாய், மாற்றிவிட்டேன். போன சனிக்கிழமை விகாரையிலிருந்து ஐந்து பிக்குகளை அழைத்துப் தீங்கு அண்டாமல் இருக்கப் பட்டறைக்குள்ளேயே பிரித் ஓத வைத்தேன். விரல் போன அந்த வாரம்தான் துமிந்தவின் கையிலிருந்த காப்பு நூல் அறுந்து விழுந்தது என்று நம் பட்டறைப் பயல் நிஹால் அடித்துச் சொல்கிறான். நூல் இல்லாத கையைத்தானே ரம்பம் பிடித்தது! அதனால் இந்த முறை நான் விடவில்லை. ஓதின நூலை ஏழு இழை சேர்த்து முறுக்கி, எல்லார் வலது மணிக்கட்டிலும் கட்டச் சொன்னேன். நுனியை வெட்டக் கூடாது என்று நீளமாகவே விட்டிருக்கிறோம். இனி அறுந்து விழாது, மாடு கட்டலாம், அவ்வளவு பலம்.

ஸ்டான்லிகூடக் கையை நீட்டினார். கழுத்தில் அந்தோனியார் பதக்கம், கையில் பிரித் நூல். "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிட்டேன் பாஸ், எவரு காதுல விழுந்தாலும் சரி" என்றார். அடுக்கின பலகை மேலெல்லாம் வரிசையாகத் தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றினோம். பார்க்க அவ்வளவு அழகு, நீ இருந்திருக்க வேண்டும்.

இப்போது திருப்திதானே? எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று எழுது.

கித்சிறி

*

அக்குரஸ்ஸ
15 மே

கித்சிறிக்கு,

படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா ஓடிவந்து, "யாரு செத்தாங்க?" என்று கேட்டாள். "இன்னும் யாரும் சாகல" என்றேன்.

மரத்தூள் மூட்டை, தின்னர் டப்பா, வார்னிஷ் துணி, இவற்றுக்கு நடுவில் எண்ணெய் விளக்கா? பட்டறை எரியாமல் இன்னும் நிற்கிறதே, அதுதான் நீங்கள் ஓதினதன் பலன்.

பிரித்தை நான் குறை சொல்லவில்லை. துமிந்த காய்ச்சலில் கிடந்தபோது நானும்தான் கும்பிட்டேன். ஆனால் தொழிற்சாலை வாசலில் நாங்கள் எதைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம் தெரியுமா? மோதிரம், வளையல், தொங்குகிற தோடு, கையில் கட்டின நூல். பிரியங்கனி என்று ஒருத்தி, அவள் அம்மா கட்டிவிட்ட நூல் என்று கழற்ற மாட்டேன் என்றாள். பட்டன் தைக்கிற மிஷினின் தண்டில் அது சுற்றிக்கொண்டது. ஒற்றை இழை, அறுந்துபோயிற்று, மணிக்கட்டுத் தோலோடு விட்டது. நீங்கள் ஏழு இழை முறுக்கி, நுனியைத் தொங்கவும் விட்டு, அறுந்து போகாது என்று பெருமை வேறு! சுழல்கிற எதுவும் தொங்குகிற எதையும் சும்மா விடாது. கடைசல் இயந்திரத்தில் மாட்டினால் மாடு கட்டுகிற நூல் மனுஷனையும் கட்டி இழுக்கும்.

உடனே அவிழ்க்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதல் வேலையாக.

இன்னொன்று. மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பிக்கு வந்தார், நூல் வந்தது, விளக்கு வந்தது. மூடி வந்ததா? ரம்பத்தின் மேல் அதை மாட்டினீர்களா இல்லையா? அந்தச் சொல்லையே காணோம்.

பஸ்ஸெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாங்கள் ஏறவில்லை.

மல்காந்தி

*

மொறட்டுவை
30 மே

மல்காந்தி,

உன் கடிதம் வந்த அன்று நான் சிரித்தேன், மறைக்காமல் சொல்கிறேன். தையல்காரிக்குத் தச்சுப் பட்டறையைப் பற்றி என்ன தெரியும் என்று நிஹாலிடம் சொல்லவும் சொன்னேன். வெசாக் பண்டிகை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டேன்.

வெசாக் முடிந்த மறுநாள் ஸ்டான்லி கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தார். நான் அவருக்கு எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் குனிந்தார். எதையோ எடுக்கக் குனிகிறார் என்று நினைத்தேன். நூல் நுனி கட்டையில் சுற்றி, கையை அப்படியே உள்ளே இழுக்கிறது, மல்காந்தி! கத்தக்கூட அவருக்கு நேரமில்லை. அந்த நேரம் பெல்ட் நழுவியது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று ஒரு வருடமாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த தேய்ந்த பெல்ட். இயந்திரம் நின்றுவிட்டது. மணிக்கட்டைச் சுற்றித் தோல் வெந்த மாதிரி போயிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை. நான் ஒழுங்கான முதலாளியாக இருந்து புது பெல்ட் போட்டிருந்தால் அவர் கை போயிருக்கும்.

அதற்குள் இங்கே ஒரு கூத்து. நிஹால் குதிக்கிறான், "பாத்தீங்களா பாஸ், நூல் காப்பாத்திருச்சு!"

"அட மடையா, நூல்தான்டா இழுத்துச்சு!" என்று ஸ்டான்லி கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்.

"இழுத்தாலும் விட்டுருச்சுல்ல?"

"விட்டது பெல்ட்டுடா! பெல்ட்டுக்கு எந்தப் பிக்கு ஓதினாரு?"

நான் விகாரைக்குப் போய்ப் பெரிய பிக்குவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அவிழ்த்து அரசமரத்தடியில வச்சிருங்க, ஒண்ணும் ஆகாது. இதுக்குப் போயி பயப்படலாமா?" என்றார். வந்து சொன்னேன். ஸ்டான்லி உடனே அவிழ்த்தார். மற்றவர்கள் அசையவில்லை. "கை வெறுமையா ரம்பத்துக்கிட்ட எப்படிப் போறது பாஸ்? துமிந்தவுக்கு என்ன ஆச்சு?" என்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. எல்லாருமே அந்த ரத்தத்தைப் பார்த்தவர்கள். சுழல்கிற இயந்திரத்துப் பக்கமே போகக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லாரும் உட்கார்ந்து கையால் உப்புக்காகிதம் தேய்க்கிறார்கள். இப்படியே போனால் பட்டறை ஓடாது.

மூடியைக் கேட்டாயே, அதை மட்டும் வெசாக்குக்கு முன்பே மாட்டினேன். துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, நானே மாட்டினேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தரையில் கிடக்கிறது. திட்டினேன். மறுபடி மாட்டினேன். மறுநாளும் தரையில். கேட்டால், "அறுக்கிற கோடு தெரியல பாஸ்" என்கிறார்கள். கோடு தெரியாது என்பது உண்மைதான், அதனால்தான் நானே அதைக் கழற்றி எறிந்தேன்.

உங்கள் தொழிற்சாலையில் என்ன செய்வீர்கள்? கேலிக்குக் கேட்கவில்லை.

கித்சிறி

*

அக்குரஸ்ஸ
8 ஜூன்

கித்சிறிக்கு,

ஸ்டான்லிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் கைக்கு வேப்பெண்ணெய் போடச் சொல்லுங்கள். அந்தப் பெல்ட்டுக்கு இன்றைக்கே புதுசு வாங்குங்கள், இன்னொரு தடவை அது நழுவும் என்று நம்பி இருக்க முடியாது.

எங்கள் தொழிற்சாலையிலும் ஊசிக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. பெண்களெல்லாம் அதைக் கழற்றிவிடுவார்கள். நானும் கழற்றியிருக்கிறேன். நூல் கோக்க இடைஞ்சல், துணி தெரியாது, மணிக்கு இத்தனை காலர் என்று மேஸ்திரி நிற்பான். திட்டிப் பார்த்தார்கள், சம்பளம் பிடித்தார்கள், நாங்கள் கழற்றிக்கொண்டேதான் இருந்தோம். கடைசியில் ஒருவர் வந்து கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி மாதிரித் தெரிகிற தகடு போட்டார். அப்புறம் யாரும் தொடவில்லை. ஆட்கள் திமிரில் கழற்றுவதில்லை, கித்சிறி. வேலை ஓட வேண்டுமே என்று கழற்றுகிறார்கள். கோடு தெரிகிற மூடி செய்யுங்கள். நாற்காலியில் மயில் செதுக்குகிறவருக்கு இது ஒரு வேலையா?

நூலுக்கு வருகிறேன். பிரித் ஓதும்போது நூல் என்ன கையில் மட்டுமா ஓடுகிறது? தண்ணீர்ப் பானையைச் சுற்றும், பந்தலைச் சுற்றும், சுவரைச் சுற்றும். மணிக்கட்டில்தான் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? எது நம்மைக் கடிக்கிறதோ அதற்குக் கட்டுங்கள் காப்பை! மூடியை ரம்பத்தோடு சேர்த்து அந்த நூலால் கட்டுங்கள். சுழலாத இடமாகப் பார்த்து, நுனியை ஒட்ட வெட்டி. நிஹாலுக்குப் பிரித் நூலை அறுக்கத் தைரியம் இருந்தால் அறுத்துவிட்டு மூடியைக் கழற்றட்டும். கை வெறுமையாக இருந்தாலும் காப்பு கண்ணெதிரில் இருக்கும். கோபத்தில்தான் இது தோன்றியது, ஆனால் எழுதி முடித்துப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது.

நூல் கட்டினதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கு முன்னாலும் போய் நில்லுங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு. நீங்களாக நிற்க வேண்டாம், அதில் வேலை செய்கிறவனாக நில்லுங்கள். ரம்பத்துக்கு முன்னால் துமிந்தவாக நில்லுங்கள்.

அவனைப் பற்றிக் கேட்கவே இல்லையே நீங்கள். மோதிர விரல் மடங்குகிறது. பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற மோட்டார் ஓடினால் எழுந்து வயல் பக்கம் போய்விடுகிறான். அது நின்ற பிறகுதான் வருகிறான்.

மல்காந்தி

*

மொறட்டுவை
27 ஜூன்

அன்புள்ள மல்காந்திக்கு,

கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்கப் பயமாக இருந்தது, அதனால்தான்.

முதலில் நல்ல செய்தி. கட்டுபெத்தவில் பேருந்துக்குக் கண்ணாடி போடுகிறவனிடம் தடித்த பிளாஸ்டிக் தகடு வாங்கி வளைத்து மூடி செய்தேன். கோடு பளிச்சென்று தெரிகிறது. ரம்பத்துக்குப் பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும், பிளந்த மரம் திரும்பவும் சேர்ந்து ரம்பத்தைக் கவ்வாமல் இருப்பதற்கு. அதையும் என் தாத்தா காலத்தில் எவரோ கழற்றி வைத்ததைத் தேடி எடுத்து மாட்டி, அதன் மேலே மூடியை உட்கார வைத்தேன். சின்னத் துண்டு அறுக்கும்போது விரலுக்குப் பதிலாக மரத்தைத் தள்ளுவதற்குத் தள்ளுகட்டைகள் செய்து ரம்பத்துப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். நிஹால் தன்னுடையதற்குக் கிளி மூக்கு வைத்துக்கொண்டான்.

பெரிய பிக்கு ஒரு உருண்டை நூலையே ஓதிக் கொடுத்தார். உன் யோசனையைச் சொன்னபோது, "யாரு, மல்காந்தியா சொன்னா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். மூடியைக் கட்டினோம். பயல்கள் தங்கள் கையிலிருந்ததையும் அவிழ்த்து அதனோடேயே சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பத்து நாளாக ஒருத்தன் அந்த மூடியைத் தொடவில்லை!

ஆனால் போன செவ்வாய்க்கிழமை ரம்பத் தட்டின் பல் மழுங்கிவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் மூடியை எடுக்க வேண்டும், மூடியை எடுக்க நூலை அவிழ்க்க வேண்டும். எல்லாரும் சுற்றி நிற்கிறோம். நிஹால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நானும்தான், எனக்கென்ன வேண்டுதலா? கடைசியில் ஸ்டான்லி, "தள்ளுங்கடா, எனக்கு இதுல பாவம் ஒட்டாது" என்று முன்னால் வந்தார். முதலில் சுவரில் மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். தட்டு மாற்றி, மூடியை வைத்து, அவரே திருப்பிக் கட்டினார். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. மூடி திறக்க வேண்டுமென்றால் ஸ்டான்லி வர வேண்டும், மெயின் இறங்க வேண்டும். பலகை சொருகப் பள்ளமாகக் காடி வெட்டுவது மாதிரி மூடியோடு செய்ய முடியாத வேலைக்கும் அவர்தான் அவிழ்த்து, அதற்கென்று செய்த மரத்தடுப்பைப் பொருத்திவிட்டு நகர்வார். "பௌத்தனுங்க பட்டறைல ஒரு கத்தோலிக்கனுக்கு இப்படி ஒரு மரியாதையா!" என்று மீசையைத் தடவுகிறார்.

இனிமேல் எழுதப் போவதைத் துமிந்தவுக்குப் படித்துக் காட்டு.

நீ சொன்னபடி ரம்பத்துக்கு முன்னால் நின்றேன். ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. பிறகு துமிந்த என் தோளுக்குத்தானே வருவான் என்று நினைத்து முழங்காலை மடக்கி அவன் உயரத்துக்கு நின்றேன். ரம்பத்தை நிறுத்துகிற சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருக்கிறது. நான் நின்றபடியே எட்டி அணைப்பேன், ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. அவன் உயரத்திலிருந்து எட்டவில்லை. இடது கையை நீட்டி, நெஞ்சு மேசையில் படும்படி சாய்ந்தேன். சாய்ந்தால் வலது கையை எங்கேயாவது ஊன்றத்தான் வேண்டும். ஊன்றினேன். ரம்பத்தின் பல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது என் உள்ளங்கை.

அவன் வேலையைச் சரியாக முடித்துவிட்டு, ஒழுங்காக அணைக்கப் போயிருக்கிறான். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் அணைத்திருக்கிறான். அவனுக்குக் கவனம் பத்தவில்லை என்று நான் எந்த வாயால் சொன்னேனோ அந்த வாயால் இப்போது சொல்கிறேன், அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அன்றைக்கே அந்தச் சுவிட்சைப் பிடுங்கி எறிந்தேன். இப்போது மேசைக்கு முன்பக்கம், இடுப்புக்குக் கீழே, பெரிய சிவப்புப் பொத்தான். முழங்காலால் இடித்தாலே நின்றுவிடும்.

கித்சிறி

*

அக்குரஸ்ஸ
6 ஜூலை

அன்புள்ள கித்சிறிக்கு,

படித்துக் காட்டினேன். சுவிட்ச் வந்த இடத்தில் துமிந்த, "மறுபடி படிங்க" என்றான். மறுபடி படித்தேன். எழுந்து கிணற்றடிக்குப் போனான். வாளி வாளியாக முகத்தில் ஊற்றிக்கொண்டான். திரும்பி வந்து, "எனக்கே என் மேலதான் சந்தேகமா இருந்துச்சு அக்கா" என்றான். இத்தனை நாளும் அதைத்தான் மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான்! நான் அழுதேன். உங்களுக்கு நன்றி என்று எழுத வேண்டும்போல இருக்கிறது, எழுதிவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்லியைப் பற்றிப் படித்து அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் இதே வேலைக்கு ஒரு பூட்டும், ஒரு சாவியும், சாவி வைத்திருக்க ஒரு அதிகாரியும் உண்டு. நம் பட்டறையில் அந்தோனியாரே பார்த்துக்கொள்கிறார்.

வருவதைப் பற்றிக் கேட்பீர்கள். நான் வந்துவிடுவேன், கித்சிறி. இப்போதே பையைக் கட்டிவிடுவேன். ஆனால் அவன் வரவில்லை என்கிறான். ஏன் என்று இரண்டு நாள் கேட்டேன். கடைசியில் சொன்னான். உங்களுக்குத் தெரியாத ஒன்று, அல்லது மறந்துபோன ஒன்று.

அன்றைக்குக் காலையில், சித்திரைப் புத்தாண்டு ஆர்டர் அவசரத்தில், அவன் உங்களிடம் கேட்டானாம், "அத்தான், அந்த மூடிய தேடி எடுத்து மாட்டிக்கலாமா? கைக்கு ரொம்பப் பக்கத்துல வருது." நீங்கள், "ஏன்டா, பொம்பளப் புள்ளையா நீ? வேணும்னா அக்காகிட்டப் போயி ஊசி நூல் வாங்கிக்க" என்றீர்களாம். எல்லாரும் சிரித்தார்களாம். அவனும் சேர்ந்து சிரித்தானாம். சிரித்துவிட்டுத்தான் ரம்பத்தைப் போட்டானாம்.

மூடி மாறிவிட்டது, சுவிட்ச் மாறிவிட்டது. உங்களைப் பார்த்து "நிறுத்துங்க" என்று ஒருத்தன் சொன்னால் அந்தப் பட்டறையில் என்ன நடக்கும்? சிரிப்பீர்களா? அதற்குப் பயந்துதான் அவன் வரவில்லை, ரம்பத்துக்குப் பயந்து இல்லை. இதற்கு எந்தக் கடையில் என்ன வாங்கி மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஓதிக் கட்டுகிற நூலும் இதற்கு இல்லை.

நேரில் வந்து அவனைக் கூப்பிடாதீர்கள். உங்களைப் பார்த்தால் மறுக்க முடியாமல் வந்துவிடுவான். அப்படி வர வேண்டாம்.

மல்காந்தி

*

மொறட்டுவை
2 ஆகஸ்ட்

மல்காந்தி,

ஒரு மாதமாக எழுதவில்லை. அன்றைக்கு அவனிடம் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இன்றைக்கு எழுதுவது கோபத்தில். கேட்டுக்கொள், உன்னால்தான் இந்தப் பட்டறையில் எனக்கு இந்த நிலைமை.

பெந்தோட்டை விடுதிக்கு அலமாரிகள் இன்றைக்கு லாரியில் ஏற வேண்டும். முதுகுப் பலகை சொருகுவதற்குக் காடி வெட்ட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. காடி வெட்ட மூடியை எடுக்க வேண்டும். ஸ்டான்லி தலவில தேவாலயத் திருவிழாவுக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். லாரிக்காரன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறான். நான் என்ன செய்வேன்? இது என் பட்டறை, என் ரம்பம். முப்பது வருடமாக அறுக்கிறேன், ஒரு நகம் போனதில்லை. உளியை எடுத்துக்கொண்டு நூலை அறுக்கப் போனேன்.

பட்டென்று எல்லா வெளிச்சமும் போயிற்று. திரும்பிப் பார்த்தால் நிஹால் மெயினை இறக்கிவிட்டு அதன் முன்னால் நிற்கிறான். "பாஸ், கைய எடுய்யா!" என்கிறான். எடுய்யா! என்னை!

"யாருகிட்டடா பேசற?" என்றேன்.

"உங்ககிட்டத்தான். நீங்களே அறுத்தா நாளைக்கு நாங்களும் அறுப்போம். இன்னொரு தடவை இங்க தரை கழுவ என்னால முடியாது. இப்ப அதுல கை வச்சீங்க, நான் வீட்டுக்குப் போறேன். அலமாரிய நீங்களே முதுகுல தூக்கிட்டுப் போங்க பெந்தோட்டைக்கு!"

மற்றவர்கள் அவனைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் அப்பனுக்கே தொழில் சொல்லிக் கொடுத்தவன் நான். உளியைப் போட்டுவிட்டு வெளியே போனேன். சந்திக் கடையில் பிளேன்டீ குடித்தேன், கசந்தது, இன்னொன்று வாங்கிக் குடித்தேன். திரும்பி வந்தால் மெயின் இன்னும் இறங்கியே இருக்கிறது, இவன் இன்னும் அதே இடத்தில் நிற்கிறான்.

லாரிக்காரனைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். அவன் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். விடுதி முதலாளி தொலைபேசியில் அதைவிட. ஒரே நாளில் மூன்று பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நிஹாலிடம், "போயி பேக்கரில எல்லாருக்கும் மீன் பணிஸ் வாங்கிட்டு வா, கடன் சொல்லு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

சொந்தப் பட்டறையில் ஒரு முதலாளிக்கு மரியாதை இல்லை. நீயே சொல், இது நியாயமா?

கித்சிறி

*

அக்குரஸ்ஸ
7 ஆகஸ்ட்

என் அருமைக் கித்சிறிக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. நான் வாசலில் நின்று படிக்கிறபோதே துமிந்த தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டான். முடிந்ததும் என் கையிலிருந்து பிடுங்கி, உள்ளே போய் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தான். பக்கத்து வீட்டில் தேங்காய் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை, அது அவன் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"அக்கா, நிஹால் நெசமாவே அத்தானைப் பாத்து 'எடுய்யா'ன்னு சொன்னானா?"

"எழுதியிருக்காரே."

"அத்தான் அடிக்கலையா?"

"பணிஸ் வாங்கிக் குடுத்திருக்காரு."

சிரிக்க ஆரம்பித்தான். மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் கேட்கிறேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான், மூன்று விரல் கையால்தான் துடைத்தான், மறைக்கவில்லை. பிறகு சட்டைகளைக் கொடியிலிருந்து உருவி மடிக்கத் தொடங்கினான். என்னடா என்றேன்.

"சனிக்கிழமை போலாம். நிஹாலே திட்டியிருக்கான்னா, எனக்கு அதுக்கு மேல பாக்கி இருக்கு. நானும் அத்தான நாலு வார்த்த கேக்கணும்."

காலையிலிருந்து வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். நாலோடு நிற்காது போலிருக்கிறது. சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம், நேரே பட்டறைக்கு. நீங்கள் வாயைத் திறக்காமல் முழுவதையும் நின்று கேளுங்கள்.

உங்கள் மல்காந்தி